இடது பின் சக்கரத்தின் காற்று

மதியம் மூன்று மணிக்கு, கூரையில் இருந்த சூரியப் பலகைகள் மின்கலத்தை நிரப்பி முடித்ததும், போர்ட்டிகோவில் நின்ற கார் ஒத்திகையைத் தொடங்கியது.

முதலில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரு விரல் அகலம் வலப்பக்கம் திரும்பின. பிறகு இடப்பக்கம். தூங்குகிற நாயின் கால்கள் கனவில் ஓடுமே, அப்படி. வண்டி இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆனால் அதன் உடம்பு மெல்லச் சாய்ந்தது, நிமிர்ந்தது, எதன் மீதோ ஏறி இறங்கியது போல ஒருமுறை குலுங்கியது. ஓட்டுநர் பக்கம் மட்டும் எப்போதும் ஒரு விரற்கடை தாழ்ந்தே இருந்தது, எழுபத்திரண்டு கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் போல. அந்த இருக்கையில் யாரும் இல்லை.

அதற்கு அடுத்த இருக்கையில் கோகிலவாணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"கோகிலா, வண்டி நின்ன எடத்துலயே நிக்குது. நீ மட்டும் ஊரெல்லாம் சுத்திட்டு வந்தர்றே போ" என்று மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தனக்கொடி அக்கா குரல் கொடுத்தாள். மேற்குப் பக்கத்து வீட்டுக்காரி, அறுபது வயது. காய்ந்த துணியை எடுக்க வரும்போதெல்லாம் காருக்குள் ஒரு பார்வை பார்க்காமல் போகமாட்டாள்.

"உள்ள குளுகுளுன்னு இருக்குதுக்கா. அதான்."

"இருக்கும், இருக்கும். உங்கூட்டுக்காரரு புனேயில வேகறாரு, உனக்கு ஏசி கேக்குது. எப்பத்தான் வர்றாராம்?"

"லீவு கிடைக்கலீங்களாம்."

"ஒரு வருசமா லீவே குடுக்காத கம்பெனி. அவரைத் தத்து எடுத்துக்கிட்டாங்களாட்ட இருக்குது."

அக்கா துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். புனே என்பது கோகிலவாணி சொன்ன பொய்.

அவள் கணவர் மகுடேஸ்வரனுக்கு ஐம்பத்து நான்கு வயது. பம்பு கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் வேலை. பிள்ளைகள் இல்லை. போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை மாலை, அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு வந்து கூட்டிப் போவதாகச் சொன்னவர் வரவில்லை. ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் பேருந்தில் வந்தாள். "நீ சொல்லவே இல்லையே" என்று அவர் சாதித்தார். மறுநாள் காலையிலும் அதே பேச்சு. "நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று அவள் சொன்னாள். அவர் சாப்பிடாமல் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை ஐந்தே முக்கால் மணிக்கு வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் மாடிக்குக் கேட்டது. வந்தவரே மேலே வந்து பேசட்டும் என்று அவள் அசையாமல் இருந்தாள். அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது, கேட்டுக்கு வெளியே கார் மட்டும் நின்றது. அதில் யாரும் இல்லை. ரயிலடியில் இறங்கிக்கொண்டு, 'வீடு' என்ற பொத்தானை அழுத்திக் காரைத் தனியாகத் திருப்பி அனுப்புவது ஊரில் எல்லோரும் செய்வதுதான். இதற்கு முன்பு ஒருமுறை சண்டை போட்டுவிட்டு மூன்று நாள் காங்கேயத்தில் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டவர் அவர். அங்கேதான் போயிருப்பார், தானாக வரட்டும் என்று விட்டுவிட்டாள். நான்காம் நாள் நாத்தனாருக்குப் போன் செய்தாள். அவர் அங்கே போகவில்லை. அவருடைய போன் படுக்கையறை மேசை இழுப்பறையில் இருந்தது.

காரின் கண்கள் பார்ப்பதையும் அது போன வழியையும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஊரில் ஓடுகிற ஒவ்வொரு காரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே போவதால், அந்தச் சட்டம் நியாயமானதுதான். கோகிலவாணிக்கு ஒரு நாள் தவறிவிட்டது. காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டார்கள். சீருடையில் யாரும் தெருவுக்கு வர வேண்டாம் என்று அவள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். கோபித்துக்கொண்டு போன புருஷன் என்று தெரு பேசுவதை அவளால் தாங்க முடியாது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், புனேயில் வேலை கிடைத்துத் திடீரென்று போய்விட்டார் என்றாள். ஒருமுறை சொன்ன பிறகு அதை மாற்றிச் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

மூன்று மாதம் கழித்து, காரிடம் கேட்கலாம் என்று சொன்னவன் கிரிதரன், மகுடேஸ்வரனின் தம்பி. இவள் கல்யாணமாகி வந்தபோது பன்னிரண்டு வயதுப் பையன். இப்போது கார் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் மூத்த தொழில்நுட்பர்.

"படம்தானுங்க அண்ணி அழிஞ்சுபோச்சு. நடை அழியாது" என்றான்.

"நடையா?"

"கால்ல முள்ளுக் குத்துனா எப்படி நடப்பீங்க? ஒரு பக்கமா ஊனித்தானே நடப்பீங்க? வண்டியும் அப்படித்தான். டயர்ல காத்து குறைஞ்சா ஒரு நடை. பிரேக் தேஞ்சா இன்னொரு நடை. ஆள் எடை ஏறுனா வேற நடை. எந்த உடம்போட எந்த ரோட்டுல எப்படிப் போனோம்னு அது சேர்த்து வச்சுக்கும். சும்மா நிக்கறப்ப எடுத்து ஓட்டிப் பார்க்கும். நாளைக்கு இதே உடம்போட போனா தடுமாறக் கூடாது பாருங்க, அதுக்கு ஒத்திகை."

"அப்ப அன்னிக்குப் போனதும் அதுக்குள்ள இருக்குமா?"

"இருக்கும். ஆனா நாம கேட்டாக் குடுக்காது. அன்னிக்கு இருந்த உடம்பு மறுபடி வந்தாத்தான் அதுக்கே ஞாபகம் வரும்." அதைச் சொல்லிவிட்டுக் கிரிதரன் தலையைக் குனிந்துகொண்டான். "நாந்தான் அண்ணி அதையும் கெடுத்து வச்சிருக்கேன்."

அண்ணன் காணாமல் போன இரண்டாவது வாரம், வந்ததும் ஓட்டுவதற்கு வண்டி சரியாக இருக்கட்டும் என்று, அவன் பாசத்தோடு வந்து தேய்ந்துபோன பிரேக் பேடுகளை மாற்றியிருந்தான். தரையோடு படிந்திருந்த இடது பின் டயரில் ஓர் ஆணி ஏறியிருந்ததைப் பிடுங்கி, துளையை அடைத்துக் காற்றும் வைத்திருந்தான். கார் இப்போது நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. அந்த ஆரோக்கியத்தில் அதற்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நினைவில் இல்லை.

நல்லவேளையாகப் பழைய பேடுகள் எங்கும் போகவில்லை. மகுடேஸ்வரன் தன் காரைத் தானே பார்த்துக்கொள்கிறவர். எது தேய்ந்தாலும் ஞாயிற்றுக்கிழமையில் தன் கையாலேயே மாற்றுவார். கழற்றிய பழைய பாகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, தேதி எழுதி, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டியில் வைப்பார். பழசைப் பார்த்தால்தான் புதுசு எப்படித் தேயப் போகிறது என்று தெரியுமாம். தம்பியும் அதே பழக்கத்தில் அந்தப் பேடுகளைச் சுற்றி அதே பெட்டியில் வைத்திருந்தான்.

"அப்ப எடுத்து மாட்டு" என்றாள் கோகிலவாணி.

"நான் மாட்ட முடியாதுங்க. தேஞ்ச சாமானைக் கம்பெனி ஆளு மாட்டுனா வேலை போயிரும். சொந்தக்காரங்க வீட்டுல வச்சுத் தாங்களே செஞ்சுக்கலாம்னு சட்டத்துல இடம் இருக்குது. நீங்க மாட்டுங்க. நான் கையைப் பின்னால கட்டிட்டு நிக்கறேன். வாய் மட்டும் பேசும்."

அவன் சொன்னபடியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஜாக்கி போடறதுக்கு முன்னாடி நட்டையெல்லாம் அரைச் சுத்து தளர்த்திருங்க. தூக்கிட்டுத் தளர்த்துனா சக்கரம் கூடவே சுத்தும்."

தளர்த்தினாள். ஜாக்கியில் வண்டி எழும்பியது. சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே வெள்ளித்தட்டு போல டிஸ்க் தெரிந்தது. அதைக் கவ்விக்கொண்டு ஓர் இரும்புக் கை இருந்தது. பிரேக் மிதியை அழுத்தும்போது அந்தக் கை இரண்டு பேடுகளைத் தட்டின் இரண்டு பக்கமும் வைத்து நெருக்கும். ஓடுகிற வேகமெல்லாம் அங்கே சூடாக மாறித்தான் வண்டி நிற்கிறது. அவள் மருந்தாளுநர். அரை மில்லிகிராமுக்குக் கண் பழகியவள். இரண்டு திருகுகளில் ஒன்றைக் கழற்றி, இரும்புக் கையைப் புத்தக அட்டை போல மேலே திருப்பியதும், இவ்வளவுதானா என்று தோன்றியது.

"இவ்வளவுதானுங்க. இதுக்குத்தான் எங்க சர்வீஸ்ல ஒரு நாள் முழுக்க வண்டியை உள்ள வச்சுக்கறோம்" என்றான் கிரிதரன்.

பழைய பேடுகளைப் பொருத்தினாள். நட்டுகளை வரிசையாக முடுக்கப் போனவளை அவன் தடுத்தான். "ஒண்ணு விட்டு எதிர்ல இருக்கறதை முடுக்குங்க. வரிசையா முடுக்குனா சக்கரம் கோணலா உக்காந்துக்கும்." கடைசியில் பிரேக் மிதியை நாலைந்து முறை அழுத்தச் சொன்னான். முதல் அழுத்தில் மிதி அடிவரை போயிற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேடுகள் தட்டை நெருங்கி, கால் அடியில் கல் போல நின்றது.

பெட்டியை மூடும்போது மற்றப் பொட்டலங்களையும் பார்த்தாள். காணாமல் போவதற்கு முந்தைய வருடம் வெவ்வேறு மாதங்களில் அவர் கழற்றி வைத்த மூன்று பொட்டலங்களில் ஒரே தேதி எழுதியிருந்தது. வருடம் பதினைந்து வருடத்துக்கு முந்தையது. அவசரத்தில் எழுதியிருப்பார் என்று நினைத்தாள்.

மூன்று நாள் கழித்து ஒரு மதியம், கார் முதல் முறையாக அந்தச் செவ்வாய்க்கிழமையை ஓட்டிப் பார்த்தது.

அப்போது இடது பின் டயரில் காற்று முப்பது பவுண்டு இருந்தது. யாரும் தொடாமலே மாதத்துக்கு ஒன்று வீதம் எந்த டயரிலும் காற்று இறங்கும். நின்றபடியே இறங்கி, அது அன்று காலை இருந்த அளவுக்குத் தானாக வந்து சேர்ந்திருந்தது. வலப்பக்கம் தாழ்ந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார். அவர்கள் தெருவின் உடைந்த சாக்கடை மூடி குலுங்கியது. இடப்பக்கம் திரும்பியது. கணுவாயின் மூன்று வேகத்தடைகள் வந்தன. அவ்வளவுதான், நின்றுவிட்டது. மறுநாளும் அதே இடம்வரைதான் வந்தது.

புரிய ஒரு வாரம் பிடித்தது. அன்று டயரில் ஆணி இருந்ததால், போகப் போகக் காற்று இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு மைலுக்கும் காரின் நடை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆகவே பயணம் முழுவதும் காற்றின் அளவுக்கு ஏற்ப அடுக்கப்பட்டிருந்தது. காற்று இறங்கினால்தான் அடுத்த பகுதி திறக்கும். கோகிலவாணி வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைக் கால் சுற்று தளர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். உஸ்ஸென்று மெல்லிய சத்தத்தோடு காற்று கசிந்தது. கார் முன்னே போயிற்று.

ஒரு மணி நேரப் பயணத்தைக் கார் ஏழெட்டு நிமிடத்தில் ஒத்திகை பார்க்கும். தடாகம் சாலையின் மேடுபள்ளங்கள் தண்ணீர் அலை போலக் கடந்தன. மலையடிவாரத்து மாங்கரையில் ஒரு நிறுத்தம். பிறகு மலை ஏறுவது முதுகில் தெரிந்தது. வலது வளைவு, இடது வளைவு. கண்ணை மூடிக்கொண்டால் பக்கத்தில் அவர் இருந்தார். வளைவுக்கு முன்பே மிதியைத் தொடுகிற அவருடைய கால், எதையும் அவசரப்படுத்தாத அவருடைய கை. காற்று இருபத்திரண்டுக்கு வந்தபோது ஐந்தாவது வளைவைத் தாண்டிக் கார் நின்றது. வலப்பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்தது. அவர் இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. இருபதுக்கு இறக்கிப் பார்த்தாள், பதினெட்டுக்கு இறக்கிப் பார்த்தாள். கார் செத்தது போலக் கிடந்தது.

அந்த ஐந்தாவது வளைவுக்கு அவளும் கிரிதரனும் பேருந்தில் ஒன்பது முறை போனார்கள். வனத்துறையில் கேட்டார்கள். மலையூர்களில் வீடு வீடாகப் படத்தைக் காட்டினார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்படிக் காரிடம் கேட்கிறவர்கள் ஊரில் அவர்கள் மட்டுமல்ல. இறந்துபோன அப்பாவோடு ஒருமுறை போய்வர வேண்டும் என்று, தேய்ந்த டயர்களைத் தேடி அலைகிற பிள்ளைகள் இருந்தார்கள். விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பின் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உத்தரவிட வேண்டும் என்று மனுப் போட்ட வழக்கறிஞர் இருந்தார். வம்பு எதற்கு என்று கார் கம்பெனிகள் சேர்ந்து ஒரு விதியைக் கொண்டுவந்தன. சர்வீஸுக்கு வராமல் ஒரு வருடம் நின்ற காரைக் கம்பெனியே வந்து எடுத்துப் போய், ஒத்திகைகளை அழித்துச் சுத்தமாக்கிக் கொடுக்கும்.

கிரிதரனுக்கே ஒரு சங்கடம் இருந்தது. "அண்ணன் நம்மகிட்டச் சொல்லாமப் போனதை வண்டிகிட்டத் துருவிக் கேக்கறது சரியான்னு எனக்குத் தெரியலீங்க அண்ணி" என்று ஒருநாள் சொன்னான். "போறதுன்னு முடிவு பண்ணிப் போனவரா இருந்தா?"

"அப்படி இருந்தா அதையாவது தெரிஞ்சுக்கறேன்" என்றாள் அவள். "இறங்குனவரு எந்தப் பக்கம் போனாருன்னு மட்டும் தெரியட்டும். அப்புறம் நான் எதையும் கேக்கல."

இன்றோடு ஒரு வருடம். ஐந்து மணிக்குக் கம்பெனி லாரி வரும். அதற்காகத்தான் கிரிதரனும் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

மூன்று மணி ஒத்திகை ஐந்தாவது வளைவில் வழக்கம் போல முடிந்தது. கோகிலவாணி கீழே இறங்கினாள். கதவை மெல்லச் சாத்தினாள்.

"பேடு இருக்கறது இருக்கட்டும். டயர்ல மட்டும் காத்து வச்சிருங்க அண்ணி" என்றான் கிரிதரன். "இருபத்திரண்டுல லாரியில ஏத்துனா ரிம் அடிபடும். அப்புறம் அதுக்கு வேற நமக்குத்தான் சொல்லுவாங்க."

"எவ்வளவு வைக்கட்டும்?"

"கம்பெனி அளவுதான். முப்பத்து மூணு."

டிக்கியில் இருந்த சின்னக் காற்று மோட்டாரை எடுத்து வால்வில் மாட்டினாள். அது தேனீக்கூடு போல ரீங்காரமிட்டது. தரையில் பரந்து கிடந்த டயர் மெல்ல உருண்டு திரண்டது. இருபத்தைந்து. இருபத்தெட்டு. முப்பதைத் தாண்டும்போது, பழைய பேடுகளோடு இந்தக் கார் இதுவரை முப்பதைத் தாண்டியதே இல்லை என்பது ஒரு கணம் அவள் மனதில் ஓடியது. தாண்ட வைக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பயணம் முப்பதில் தொடங்கியது. காற்று இறங்கத்தானே செய்யும்?

முப்பத்து மூன்றில் மோட்டார் தானாக நின்றது. குழாயைக் கழற்றிவிட்டு, தளர்த்தி வைத்திருந்த வால்வு ஊசியை முடுக்கக் குனிந்தாள். அவள் தோளுக்கு மேலே கார் அசைந்தது.

வலப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்தது.

"அண்ணி, அதைத் தொடாதீங்க" என்று கிரிதரன் தாழ்ந்த குரலில் சொன்னான். "ஊசி அப்படியே இருக்கட்டும். உள்ள போய் உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். அவன் பின்னால் ஏறிக்கொண்டான். கார் இடப்பக்கம் வளைந்தது, பிறகு வலப்பக்கம். முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் எழும்பியிருந்தது.

"இறங்குதுங்க" என்றான் அவன். "மலையில இருந்து கீழ இறங்குது."

"தனியாவா?"

"எடை இருக்குதே."

எடை இருந்தது. ஐந்தாவது வளைவில் இறங்கியவர் டிக்கியைத் திறந்து, இதே மோட்டாரை எடுத்து, இதே டயருக்குக் காற்று வைத்துவிட்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்திருக்கிறார். வீட்டை விட்டுப் போகிற மனிதன் வழியில் நின்று டயருக்குக் காற்று வைப்பான் என்று இருவருக்குமே தோன்றவில்லை. இத்தனை மாதமும் காற்றை இறக்கி இறக்கியே தேடியிருக்கிறார்கள்.

ஆனால் ஓட்டுவது அவர் இல்லை. கார் தானாக ஓடியது. வளைவுக்கு முன்பே மிதியைத் தொடும் கால் இதில் இல்லை. எல்லாம் ஒரே சீராக இருந்தது, தூளியில் கிடத்தி ஆட்டுவது போல. மாங்கரை, தடாகத்தின் அலைகள், கணுவாயின் மூன்று வேகத்தடைகள். கோகிலவாணி முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வலப்பக்கம் திரும்பியது. உடைந்த சாக்கடை மூடி குலுங்கியது. கார் நின்றது. அவர்கள் வீட்டு கேட்டுக்கு எதிரே.

வலப்பக்கம் தாழ்ந்தே இருந்தது. ஒத்திகையில் இருபது விநாடி. அசலில் அது இரண்டு மூன்று நிமிடமாவது இருக்கும். அப்போது அவள் மாடியில் இருந்தாள். வந்தவரே மேலே வரட்டும் என்று இருந்தாள்.

பிறகு வலப்பக்கம் உயர்ந்தது. உடனே முன் சக்கரத்துக்கு மேலே, மட்கார்டில், உள்ளங்கை அளவுக்கு ஓர் அழுத்தம். அது மெல்லக் கதவைத் தடவி, பின் சக்கரத்துக்கு மேலே ஒருமுறை அழுந்தியது, மாட்டை முதுகில் தட்டிக்கொடுப்பது போல. அதோடு ஒத்திகை முடிந்தது.



"அண்ணன் வூட்டுக்கு வந்திருக்கறாரு" என்றான் கிரிதரன்.

"வந்துட்டு உள்ள வரலையே."

"முன்னால இருந்து பின்னால கையை வச்சுட்டே போயிருக்கறாரு. வண்டி அன்னிக்கு எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு?"

"கெழக்க." அவள் கதவைத் திறந்தாள். "அப்ப மேக்க போயிருக்காரு."

கேட்டில் லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு சிறு பலகையை நீட்டி, "வண்டியில இருக்கற ஒத்திகையெல்லாம் அழிக்கச் சம்மதம்னு கைரேகை ஒண்ணு வைக்கணுமுங்க. வேணும்னா ஒரு வாரம் அவகாசம் எழுதிக் கேக்கலாம்" என்றார். இந்த ஒரு வாரத்துக்காக அவள் ஒரு மாதமாகக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கட்டை விரலை அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினாள்.

மேற்கே முதல் வாசல் தனக்கொடி அக்காவுடையது. அக்கா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, வண்டியைத் தூக்கிட்டுப் போறாங்க?"

"அக்கா." வாளிக்கு அருகே போய் நின்றாள். "அவரு புனேயில இல்லீங்க. எங்க இருக்காருன்னே எனக்குத் தெரியாது. போன வருசம் இதே நாள் காணாமப் போனாரு. நான்தான் எல்லாருகிட்டயும் பொய் சொல்லிட்டு இருந்தேன்."

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். கோகிலவாணி பயந்த எதுவும் அந்த முகத்தில் வரவில்லை.

"இதே நாளா? பொழுதோடவா?"

"ஆமாங்க. இந்த வழியா நடந்து..."

"பார்த்தனே" என்றாள் அக்கா. "இப்படித்தான் வாசல் தெளிச்சுட்டு இருந்தேன். 'என்ன மகுடு, வூட்டுக்குள்ள போகாம எங்க நடை'ன்னு கேட்டேன். நின்னு ரெண்டு கையும் கூப்பிக் கும்புட்டாரு. தெனம் பார்க்கற மனுசன் கும்புடறாரேன்னு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. 'யாரு வண்டியோ மலையில காத்து இல்லாம அனாதையா நின்னுச்சுங்க. காத்து வச்சு, வீடுன்னு இருந்ததை அமுத்தினேன். அதுவா இங்க வந்து நின்னுருச்சு. அவங்க ஆளுக வந்தாங்கன்னா வண்டி பத்திரமா வந்துருச்சுன்னு சொல்லீருங்க'ன்னாரு. தமாசு பண்றாருன்னு நெனச்சேன் கண்ணு. நானும் சிரிச்சுட்டு, சொல்லீர்றேன்னேன்."

கிரிதரன் பின்னால் வந்து நின்றிருந்தான். அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"அந்த வாரமே நீ புனேன்னு சொன்னியா, கிளம்பற குஷியில பேசியிருப்பாருன்னு விட்டுட்டேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"எங்க போறேன்னு சொன்னாருங்களா?"

"நானும் விளையாட்டுக்கு, 'அப்ப உங்க வீடு எங்க சாமி'ன்னு கேட்டேன். தொண்டாமுத்தூர்ல பால் சொசைட்டிக்குப் பின்னாலன்னாரு. 'பொழுதாச்சுங்க, வூட்டுல கோகிலா தேடும்'னுட்டு வெரசலா போயிட்டாரு. உன் பேரைச் சொல்லவும் தமாசேதான்னு முடிவு பண்ணிட்டேன்."

தொண்டாமுத்தூரில் பால் சொசைட்டிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டில்தான், கல்யாணமான முதல் இரண்டு வருடம் அவர்கள் குடியிருந்தார்கள். இங்கிருந்து எட்டு கிலோமீட்டர். மலைப்பக்கம் போகிற வழியே இல்லை அது. இந்த ஒரு வருடத்தில் அந்தத் திசையில் அவர்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை.

"ஆட்டோ கூப்பிடறேன் அண்ணி" என்றான் கிரிதரன், போனை எடுத்தபடி.

"கூப்பிடு. நான் நடந்துட்டு இருக்கேன். வர்ற வழியில ஏத்திக்க."

"இரு, நானும் வாறேன்" என்று தனக்கொடி அக்கா செருப்பைத் தேடினாள்.

கோகிலவாணி அதற்குள் அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, லாரியில் ஏறும் காரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடமாக முகம் தெரியும், பேசியதில்லை. அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, எங்க வீட்டுக்காரரைக் காணோமுங்க. ஒரு வருசமாச்சு. இந்த வழியாத்தான் நடந்து போயிருக்காரு. அவருக்கு ஞாபகம் தப்பிப்போச்சாட்ட இருக்குது. நீங்க பார்த்தீங்களா?"